பாதை

முகவரியைப் பிரித்துப் படித்தால்
முதலில் ஒரு பெயர், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு,
அடுத்தது வீடு, கடைசியில் பாதை.
எங்கள் பக்கம் பாதை என்றால்
குருமண்வெளியில் ஏறி மண்டூரில் இறங்க
சனத்தையும் மோட்டார்சைக்கிளையும் சுமந்து
வாவியைக் கடக்கும் இரும்புத் தட்டு.
ஓடும். நிற்கும். என்ஜின் இருமும்.
"பாதை இக்கரையிலயா, அக்கரையிலயா?"
இந்த ஒரு கேள்விக்குத்தான் செயலி எழுதுகிறேன்,
களுவாஞ்சிகுடியில், ஹாட்வெயார் கடைக்கு மேல்,
கீழே பைப் அறுக்கிற சத்தத்தில்.

செயலிகள் ஒன்றையொன்று அறியா.
ஒரே கண்ணாடிக்குப் பின்னால் எழுபது வளவு,
ஒரு வேலியிலும் பொட்டு இல்லை.
அடுத்ததைத் திறப்பதென்றால்
நடுவில் இருக்கிற இயங்குதளத்திடம் கேட்க வேண்டும்:
இந்தப் பெயரில் ஆராவது உண்டா?
ஓம். இல்லை.
அதற்குமேல் வாய் திறக்காது.
ஒரே பெயரை இரண்டு பேர் வைத்திருந்தால்
எவர் வருவார் என்று கையேட்டில் தேடினேன்.
வரையறுக்கப்படவில்லை
என்று கைகழுவியிருந்தது.

மண்டூர் என்று எழுதி அனுப்பினேன்.
தமிழைத் தமிழாக அது ஏற்றாது.
புள்ளிகூடத் தனியே உடைந்து
நூற்றுவீதக் குறிகள் முளைத்து
அறுபத்துமூன்று எழுத்தாக வரிசையில் நின்றது.
முருகனிடம் போக நாயன்மார் கணக்கு, என்றேன்.
மருதமுனையிலிருந்து பஸ்ஸில் வரும் றிஸ்மினா
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "என்ன?" என்றாள்.
விளக்கினால் பகிடி செத்துவிடும்.
விட்டேன்.

வியாழக்கிழமை மூன்றரைக்கு அழைப்பு.
மருத்துவமாது சுகிர்தமலர், துறையடியிலிருந்து.
"தங்கச்சி, வரைபடப் பொத்தானை அமத்துறன்,
ஒண்டும் நடக்குதில்ல."
"போன்ல வரைபடச் செயலி இருக்கா அக்கா?"
"இருக்கே. முன்னுக்கே இருக்கு."

பதிவைத் திறந்து பார்த்தேன்.
இருக்கிறதா என்று என் செயலி கேட்டிருக்கிறது,
இல்லை என்று பதில் வந்திருக்கிறது.
ஆரைப் பற்றிக் கேட்பாய் என்று
முதலே பட்டியல் கொடுத்திருக்க வேண்டும்.
பட்டியலில் இல்லாத பெயரைக் கேட்டால்
பக்கத்தில் நிற்பவரையும் இல்லை என்றே சொல்லும்.

இந்தப் பதிலை நான் முன்பும் கேட்டிருக்கிறேன்.
வெள்ள நிவாரணத்துக்குப் போன அப்பாவிடம்,
சேற்றுக் காலோடு அவர் மேசைக்கு முன்னால் நிற்க,
"பேர் இல்லையே ஐயா" என்று
தாளைப் பார்த்துக்கொண்டு சொன்னது.

ஒரு வரி சேர்த்தேன். ஒரேயொரு பெயர்.
அது சரிபார்க்கப்பட்டு, கடை ஏறி,
அவர் கைக்குப் போக மூன்று நாள்.
அவர் நிற்பது இப்போது.
அக்கரையில் ஒரு பிள்ளைத்தாச்சி.
பட்டிருப்புப் பாலத்தால் சுற்றினால்
எவ்வளவு நேரம் என்று
வரைபடம்தான் சொல்லியிருக்கும்.

"பச்சையை அமத்துங்க அக்கா. மற்றப் பொத்தான்."
அது மூன்றெழுத்துப் பெயர், டயல் பண்ணுகிற பெயர்.
அதை எழுதிய இரவில் களைப்பு,
உண்டா என்று கேட்காமலே
திற என்று எழுதிவிட்டுப் படுத்திருந்தேன்.
பாதைக்காரர் சீனித்தம்பியிடம் பழைய பட்டன் போன்.
செயலியும் இல்லை, வேலியும் இல்லை.
மணி அடிக்கும்.

அவர் வைத்துவிட்டார்.
இந்நேரம் என் செயலி பின்னால் போயிருக்கும்,
மேல் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறியாக.
மற்றவரைத் திறந்துவிட்டபின்
அங்கே நடப்பது திறந்தவருக்குத் தெரியவராது.
இதைக் கையேடு தெளிவாகவே சொல்கிறது.

கீழே அறுக்கிற சத்தம் நின்றது.
றிஸ்மினா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.
ஆடை கட்டுமட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு பத்துக்கு ஒரு குறுந்தகவல்:
பாதை வந்திட்டு. மறுகா எடுக்கிறன்.

மறுகா எடுக்கவில்லை.
வெள்ளிக்கிழமை காலை
பட்டியலில் இன்னும் இரண்டு பெயர் சேர்த்தேன்.